திருத்தொண்டருக்கு இரண்டு அளவுகோல்

பெண்களைத் திருத்தொண்டர்களாகத் திருநிலைப்படுத்தலாமா என்று ஆராய, திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் ஒரு குழு அமைத்தார். கர்தினால் பெட்ரோக்கி தலைமையிலான அந்தக் குழுவின் முடிவு 2025 டிசம்பரில் வெளியானது. அருளடையாளத் திருப்பட்டமாக இப்பணியைப் பெண்களுக்குத் தர இன்றைய ஆய்வு நிலை இடம் தரவில்லை. ஆனாலும் இது இறுதித் தீர்ப்பு அல்ல. இதை நிதானம் என்று மெச்சுவோர் இருக்கிறார்கள். என்னால் மெச்ச முடியவில்லை.

குழு சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பண்டைத் திருச்சபையின் பெண் திருத்தொண்டர்கள் எல்லா ஊரிலும் ஒரே பணியைச் செய்ததில்லை. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவின் திருச்சபை ஒழுங்கு நூலான 'திதஸ்காலியா' அவர்களுக்குக் கொடுத்த வேலை, திருமுழுக்குப் பெறும் பெண்களுக்கு எண்ணெய் பூசுவதும் நோயுற்ற பெண்களை வீடு தேடிச் சென்று பார்ப்பதும் போன்றவைதான். உரோமையர் மடலில் பவுல் திருத்தொண்டர் என்று குறிப்பிடும் கெங்கிரேயாவின் பெபேயாளுக்கு இன்றைய திருத்தொண்டரின் உடையைப் போர்த்திப் பேசுகிற ஆதரவாளர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

ஆனால் ஆண் திருத்தொண்டர் மட்டும் மாறாமல் வந்தாரா? தொடக்கத்தில் ஆயரின் வலக்கரமாக இருந்து ஏழைகளுக்கான உதவியைக் கவனித்தவர், இடைக்கால மேற்கில் குருப்பட்டத்துக்கு முந்தைய படியாகச் சுருங்கிப்போனார். பல நூற்றாண்டுகள் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிலையான திருத்தொண்டர் பணியை மீட்டது, 1967இல் ஆறாம் பவுல் விதிகளை வகுத்தார், மணமானவர்களும் வந்தார்கள். பழங்காலத் திருத்தொண்டரோடு அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு நிபந்தனை வைக்கப்படவில்லை. காலத்தின் தேவையே போதுமான காரணமாக இருந்தது.

பெண் என்றதும் வரலாறு கறாராகிவிடுகிறது. நாற்பது வயதுக்கு முன் பெண் திருத்தொண்டரைத் திருநிலைப்படுத்தக் கூடாது, அதுவும் நன்கு ஆராய்ந்த பிறகே என்று 451இல் கல்செதோன் சங்கம் விதித்தது. எட்டாம் நூற்றாண்டின் பார்பெரினி கிரேக்கச் சுவடியில் ஆயர் பெண்ணின் தலைமேல் கைவைத்துச் செபிக்கிறார், தோள்துகில் அணிவிக்கிறார், இரசக்கிண்ணத்தைக் கையில் தருகிறார். இவ்வளவுக்கும் பிறகு, அது உண்மையான திருநிலைப்பாடா, வெறும் ஆசியா என்று கேள்வி. இதே மரபைக் கையில் வைத்திருக்கும் அலெக்சாந்திரிய மரபுவழித் திருச்சபையில், 2024 மே மாதம் ஹராரேயில் ஒரு பெண் திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

வரலாறு கைகொடுக்காத இடத்தில், கிறிஸ்து ஆணாகப் பிறந்தார், எனவே திருப்பட்டம் பெறுபவரும் ஆணாக இருக்க வேண்டும் என்ற வாதம் வருகிறது. இதற்கு ரோமின் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 2009இல் பதினாறாம் பெனடிக்ட் திருச்சபைச் சட்டம் 1009ஐத் திருத்தினார். அதன்படி ஆயரும் குருவும் தலையாகிய கிறிஸ்துவின் பெயரால் செயல்படுகிறார்கள். திருத்தொண்டரோ வழிபாடு, இறைவார்த்தை, அன்புப்பணி வழியாக இறைமக்களுக்குப் பணிசெய்யும் ஆற்றலைப் பெறுகிறார். தலையின் இடத்தில் நிற்காதவர் ஆணாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இனி என்ன காரணம் மிச்சம்? குழுவுக்குள்ளேயே கிறிஸ்து ஆண் என்ற அந்த வாதத்தை ஐவர் ஏற்றார்கள், ஐவர் நீக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் கைவிட்ட வாதத்தைக் காட்டித் திருச்சபையின் பாதிப் பேரை வாசலில் நிறுத்துவது அநியாயம்.

என்னை அதிகம் நோகச் செய்வது மறுப்பைப் புகழ்ச்சியாகச் சொல்வதுதான். 2020இல் வந்த 'கெரிதா அமசோனியா' மடலில் பிரான்சிஸ், குருவே வராத அமேசான் ஊர்களில் பல்லாண்டுகளாகத் திருமுழுக்குக் கொடுத்தும் மறைக்கல்வி கற்பித்தும் செபித்தும் திருச்சபையைக் காத்தவர்கள் பெண்களே என்கிறார். அதே மடலில், திருப்பட்டம் தந்தால் அவர்கள் குருக்கள்மயமாகிவிடுவார்கள், அவர்களின் பங்களிப்பு சுருங்கிவிடும் என்றும் எழுதுகிறார். அருளடையாளம் ஒருவரின் பணியைச் சுருக்கும் என்று எந்த மறைக்கல்வி வகுப்பில் கற்பிக்கிறோம்?

மறைத்தூதுப் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. வேதியராக இறைவார்த்தையை அறிவித்தும், தொலைவிலுள்ள சமூகங்களை ஆயரின் பெயரால் வழிநடத்தியும், அன்புப்பணி புரிந்தும் ஏற்கெனவே திருத்தொண்டரின் வேலையைச் செய்துவரும் ஆண்களை, கைவைத்தலால் வலுப்படுத்துவது நல்லது என்று அதன் 16ஆம் பத்தி சொல்கிறது. அமேசானின் பெண்கள் செய்துவருவதும் அந்த வேலைகளைத்தான்.