ருசியைப் பேசாத பந்தி

‘பபெட்ஸ் ஃபீஸ்ட்’ படத்தில் ஒரு கிழவரும் ஒரு கிழவியும் வருகிறார்கள். வாலிபத்தில் மணவாழ்க்கைக்கு வெளியே கூடியவர்கள். இப்போது ஒரே ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்து, அந்தப் பாவத்துக்குத் தேவன் கணக்குக் கேட்பாரே என்று நடுங்குகிறார்கள். மர வியாபாரத்தில் ஏமாற்றியவரும் ஏமாந்தவரும் அங்கேதான் இருக்கிறார்கள். பாட்டு நடக்கும்போதே பழைய வழக்கு வெடிக்கிறது. படம் முடிவதற்குள் எல்லாரும் ஒப்புரவாகிவிடுகிறார்கள். அது நிகழும் விதம் அற்புதம். ஆனால் இந்த ஒப்புரவில் ஒரு பெரிய கணக்கு பார்க்கப்படாமலே போகிறது.

ஐசக் டினெஸன் என்ற பெயரில் கரென் பிளிக்ஸன் எழுதி 1950இல் வெளியான கதையை, கேப்ரியல் ஆக்ஸெல் 1987இல் படமாக்கினார். கதையில் நார்வே, படத்தில் டென்மார்க்கின் யூட்லாந்துக் கடலோரம். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. போப் பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய மடலிலேயே இதைக் குறிப்பிட்டார். இறந்துபோன போதகர் ஒருவரின் இரண்டு மகள்கள், லூதரின் பெயரில் மார்ட்டீனா, அவர் சகாவான மெலாங்தனின் பெயரில் ஃபிலிப்பா, தகப்பனின் சிறு சபையைக் கட்டிக் காக்கிறார்கள். உலர்மீனும், ரொட்டியைப் பியரில் காய்ச்சிய கஞ்சியும்தான் சாப்பாடு. (1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் இதே லூத்தரன் பக்திநெறியின் பிள்ளைதான், இந்த முகங்களின் கண்டிப்பு நமக்கு அவ்வளவு அந்நியமில்லை.) 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியின் ரத்தக்களரியிலிருந்து தப்பிவந்த பபெட் அந்த வீட்டில் சமையல்காரி ஆகிறாள். பல வருடம் கழித்து லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. போதகரின் நூறாவது பிறந்தநாளுக்கு ஒரு பிரெஞ்சு விருந்து சமைக்கட்டுமா என்று கேட்கிறாள்.

உயிருள்ள ஆமை வந்து இறங்கியதும் சகோதரிகளுக்குக் கிலி. சூனியக்காரிக்கு வீட்டைத் திறந்துவிட்டோமோ என்ற பயம். சபை கூடி முடிவெடுக்கிறது: சாப்பிடுவோம், ஆனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டோம். பந்தியில் பன்னிரண்டு பேர்; இராப்போஜனத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ஆமை சூப்பும், மாவுக் கூட்டுக்குள் வைத்த காடையும் வருகின்றன. வெளியாளாக வந்த தளபதி லோவன்ஹில்ம் மட்டும், இது 1860ஆம் வருஷத்து ஷாம்பெயின் ஆயிற்றே என்று திகைக்கிறார். பக்கத்தில் இருப்பவர் புன்னகைத்து, வானிலையைப் பற்றிச் சொல்கிறார்.

சாதாரண இயக்குநர் என்றால் இந்தச் சபதத்தை உடைத்திருப்பார். யாராவது ஒருவர் தட்டை வழித்து நக்கி ‘ஆகா’ என்றிருப்பார். ஆக்ஸெல் கடைசிவரை காப்பாற்றுகிறார். ருசிக்கு எதிராகப் போட்ட வாய்ப்பூட்டே ருசிக்கு வழிவிடுகிறது. உணவைப் பேசக்கூடாது என்பதால், இளகிய நாக்கு வேறு எதையாவது பேசியாக வேண்டும். ஏமாற்றியதை ஒருவர் ஒத்துக்கொள்கிறார், மற்றவர் சிரிக்கிறார். அந்தக் கிழவரும் கிழவியும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ஊரோடு ஒத்துப்போகும் குணத்தை, அதை ஏளனம் செய்யாமலே கிருபையின் கருவியாக்கிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

இனி அந்தக் கணக்கு. மகள்கள் இருவரையும் தன் வலக்கை, இடக்கை என்று சொல்லியே வைத்துக்கொண்டவர் போதகர். கையை யாராவது கட்டிக்கொடுப்பார்களா? இளம் அதிகாரியாக வந்த லோவன்ஹில்ம், மார்ட்டீனாவிடம் வாயடைத்து நின்றுவிட்டுப் போனவர். பாரிஸ் பாடகர் பாப்பன், ஃபிலிப்பாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துத் திரும்பியவர். மரம் விற்றவரின் பாவத்துக்கு மன்னிப்பு உண்டு. இரண்டு வாழ்க்கைகளைச் சபைக்குள் பூட்டிய தகப்பனின் பாவத்துக்குப் படத்தில் பெயரே இல்லை. அவர் பிறந்தநாளுக்குத்தான் விருந்தே. நாம் வேண்டாம் என்று தள்ளியதும் கூடவே அருளப்படுகிறது என்று தளபதி பேசுவது மனதை அசைக்கும் பேச்சு. ஆனால் அதைப் பதக்கங்களோடும் பதவியோடும் வந்தவர் பேசுகிறார், கஞ்சி காய்ச்சிய மார்ட்டீனா கேட்கிறாள்.

ஒரு மறுப்பை நேர்மையாகச் சொல்லவேண்டும். பாட்டு வகுப்பை நிறுத்தச் சொன்னது ஃபிலிப்பாவேதான். தன் குரலுக்குள் கிளம்பிய சந்தோஷம் அவளைப் பயமுறுத்தியது. அப்பா உத்தரவு போடவில்லை. ஆனால் உத்தரவு தேவைப்படாத அளவுக்குப் பழக்கியிருந்தார் என்பது பழியைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

கதாசிரியை இவ்வளவு இளகியவர் அல்ல. கதையில் பபெட் கம்யூனுக்காகத் தெருவில் நின்றவள்; தான் எதிர்த்த அதே பிரபுக்கள்தான் தன் சமையல் கலையை அறிந்தவர்கள் என்று அவர்களுக்காகத் துக்கப்படுகிறாள். அந்த முரணைப் படம் பெரும்பாலும் கழுவிவிட்டு, தியாகியை மட்டும் வைத்துக்கொள்கிறது. அன்பையும் மன்னிப்பையும் காட்டுவதில் இது முதல்தரப் படம். பாவத்தை எடைபோடுவதில் சில்லறையை எண்ணிவிட்டு மூட்டையை விட்டுவிட்ட படம்.

கடைசிக் காட்சியில் மட்டும் அந்த மூட்டை அசைகிறது. காசு முழுவதையும் செலவழித்து நிற்கும் பபெட்டைத் தழுவி, பரலோகத்தில் உன் கலை முழுமை பெறும் என்கிறாள் ஃபிலிப்பா. முன்பு பாப்பன் ஒரு கடிதத்தில் ஃபிலிப்பாவுக்கு எழுதிய ஆறுதல் அது.