சாண்டர்ஸ் லூயிசின் ‘மொழியின் ஊழ்’: வெல்ஷ் மொழி குறித்த மக்கள் மனப்பான்மை – ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு மொழியின் வாழ்வு அதன் இலக்கியச் செல்வத்தைப் பொறுத்ததா, அரசின் ஆணையைப் பொறுத்ததா, மக்களின் மனப்பான்மையைப் பொறுத்ததா என்னும் வினா மொழி ஆய்வில் நெடுங்காலமாக நிலவி வருவதாகும். பிரித்தானியத் தீவின் மேற்கில் அமைந்த வேல்ஸ் நாட்டில் இவ்வினாவை எதிர்கொண்டு எழுந்த பனுவல்களுள் தலையாயது, நாடகாசிரியரும் திறனாய்வாளருமாகிய சாண்டர்ஸ் லூயிஸ் (1893–1985) 1962 பிப்ரவரி 13ஆம் நாள் பி.பி.சி. வானொலியில் வெல்ஷ் மொழியில் ஆற்றிய உரையாகும். ‘மொழியின் ஊழ்’ எனத் தமிழில் பெயர்க்கத்தக்க தலைப்பினை உடையது அது. அவ்வுரையின் வாதத்தைப் பின்வந்த அறுபதாண்டு வரலாற்றோடு ஒப்புநோக்கி, அதன் வலிமையையும் குறையையும் மதிப்பிட இக்கட்டுரை முயல்கிறது. மொழியின்பால் நல்லெண்ணம் பெருகுதல் வேறு, மொழி நாள்தோறும் வழங்குதல் வேறு என்பதே இவண் வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

உரையின் வாதம்

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் மொழிவாரி எண்கள் வெளிவருமுன்பே லூயிஸ் உரையாற்றினார். வரவிருக்கும் எண்கள் மொழிப்பற்றாளரை அதிர்ச்சியடையச் செய்யும் என்றும், அன்றைய போக்கே நீடித்தால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இராது என்றும் அவர் கணித்தார். தலைப்பு ‘ஊழ்’ என்று அமைந்திருப்பினும் உரை ஊழை ஏற்பதன்று. திருக்குறளில் ஊழ் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமை அதிகாரத்தையும் ஒருங்கே கற்ற தமிழ் வாசகர்க்கு இம்முரண் புதிதன்று. மொழியின் அழிவு இயற்கை நியதியன்று, மனிதர் இயற்றியது. ஆகவே மனிதரால் தடுக்கத்தக்கது என்பதே லூயிசின் அடிப்படை நிலைப்பாடாகும்.

இதனை நிறுவ அவர் வரலாற்றை நாடுகிறார். 1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்சை இங்கிலாந்துடன் இணைத்து, நீதிமன்றத்திற்கும் அரசுப் பதவிக்கும் ஆங்கிலத்தையே மொழியாக்கியது. 1588இல் வில்லியம் மார்கனின் விவிலிய மொழிபெயர்ப்பு வெளிவந்து, வழிபாட்டிலும் எழுத்திலும் மொழியைக் காத்தது. எனவே, கோயிலில் உயர்வும் அலுவலகத்தில் இன்மையும் என்னும் இரட்டை நிலை வெல்ஷ் மொழிக்கு நானூறு ஆண்டுகளாக வாய்த்தது.

இழிவுணர்வின் தோற்றம்

மக்கள் மனப்பான்மை என்ற நிலையில் 1847ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். வேல்சின் கல்விநிலையை ஆராய அனுப்பப்பெற்ற மூன்று ஆணையர்களும் வெல்ஷ் மொழி அறியாதவர்கள். மக்களின் ஒழுக்க வளர்ச்சிக்கும் வணிக வளத்திற்கும் அவர்தம் மொழியே தடை என அவர்களது அறிக்கை கூறிற்று. அட்டையின் நிறத்தால் நீலநூல்கள் எனப்பட்ட அவ்வறிக்கையின் வெளியீட்டை வேல்ஸ் மக்கள் ‘நீலநூல்களின் துரோகம்’ என்றே இன்றும் வழங்குகின்றனர். இந்தியக் கல்வி பற்றிய மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பும் இவ்வறிக்கையும் ஒரே காலத்து ஆட்சிச் சிந்தனையின் விளைவுகள் என்பது நோக்கத்தக்கது.

அறிக்கை விளைத்த சினத்தினும் அது விளைத்த நாணமே நெடிது நின்றது. பள்ளியில் வெல்ஷ் பேசிய சிறுவர்தம் கழுத்தில் மரத்துண்டு ஒன்றை மாட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் இருந்தது. இது நாடு முழுமைக்குமான அரசாணையால் வந்ததன்று. ஆசிரியர் பலர் வெல்ஷ் மொழியினரே. பெற்றோர் பலர் இதற்கு இசைந்தே இருந்தனர். ஆங்கிலம் முன்னேற்றத்தின் மொழி, வெல்ஷ் அடுக்களையின் மொழி என்னும் எண்ணம் பேசுவோர் உள்ளத்திலேயே வேரூன்றியமைக்கு இது சான்றாகும். இதனை உணர்ந்தமையாலேயே, வெல்ஷ் மொழியை ஆட்சிமொழியாக்க முயன்றால் கடுமையான எதிர்ப்பு இலண்டனிலிருந்தன்றி வேல்சுக்குள்ளிருந்தே எழும் என லூயிஸ் எச்சரித்தார். உரையின் மிகக் கூரிய பகுதி இதுவே எனலாம்.

பீஸ்லி குடும்பமும் ‘கட்டாயம்’ என்னும் கருத்தும்

லூயிஸ் காட்டும் முன்மாதிரி, கார்மார்தன்ஷயரைச் சார்ந்த லாங்கென்னெக் ஊரில் வாழ்ந்த டிரெவர், எய்லீன் பீஸ்லி இணையராவர். சுரங்கத் தொழிலாளர் குடும்பம் அது. உள்ளாட்சி வரிக்கான கேட்புச்சீட்டு வெல்ஷ் மொழியில் வந்தாலன்றி வரி செலுத்துவதில்லை என 1952இல் அவர்கள் உறுதி பூண்டனர். பன்முறை நீதிமன்றம் ஏறினர். வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்கள் சப்தி செய்யப்பட்டன. எட்டாண்டுகளுக்குப் பின், 1960இல் இருமொழிச் சீட்டு வந்தது.

ஒரு வரிச்சீட்டில் லூயிஸ் கண்டது என்ன? மொழியைப் போற்றுதல் அன்று, மொழியைத் தவிர்க்க இயலாததாக்குதல். வெல்ஷ் பெருவழக்காக உள்ள பகுதிகளில் அம்மொழியின்றி உள்ளாட்சியும் அரசுப் பணியும் நடைபெற இயலாத நிலையை உருவாக்க வேண்டும் என்பதே அவரது திட்டம். ‘கட்டாயம்’, ‘பகுதி’ என்னும் இரண்டு கூறுகளும் இத்திட்டத்தில் பிரிக்கவொண்ணாதன. பின்வந்தோர் முதற்கூற்றை உரிமையாக மாற்றி ஏற்றனர். இரண்டாவதைக் கைவிட்டனர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கணிப்பும் நிகழ்வும்

உரை ஒலித்த அதே ஆண்டில் வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியது. 1963 பிப்ரவரியில் அபெரிஸ்துவித் நகரின் டிரெவெக்கன் பாலத்தில் அதன் முதல் மறியல் நிகழ்ந்தது. 1967, 1993 ஆகிய ஆண்டுகளில் மொழிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. வெல்ஷ் தொலைக்காட்சி பற்றிய வாக்குறுதியை அரசு கைவிட்டபோது, 1980இல் குவின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாநோன்பு மேற்கொள்வதாக அறிவித்தார், அரசு பணிந்தது, 1982 நவம்பரில் அலைவரிசை தொடங்கிற்று. 2011ஆம் ஆண்டுச் சட்டம் வெல்ஷ் மொழிக்கு ஆட்சிமொழித் தகுதியை வெளிப்படையாக வழங்கியது.

மொழி ஆட்சியில் இடம்பெறுமுன் தன்னாட்சி கிடைத்தால் மொழியின் அழிவு விரையும் என்று லூயிஸ் அஞ்சினார். 1997ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் பயனாக 1999இல் அமைந்த வேல்ஸ் அவையே 2011ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது. எனினும் அவரது அச்சம் பிழைத்தது என முடிவுகட்டுதல் பொருந்தாது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் அவை அமையுமுன்பே பொதுத்துறையில் மொழிக்குச் சமநிலை அளித்திருந்தது. லூயிஸ் விதித்த வரிசைமுறை ஓரளவேனும் பேணப்பட்டது என்பதே உண்மை.

எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. வெல்ஷ் பேசுவோர் 1911இல் 43.5 விழுக்காட்டினர், 1961இல் 26 விழுக்காட்டினர். 2001இல் 20.8, 2011இல் 19.0, 2021இல் 17.8 விழுக்காடு. 2017இல் வேல்ஸ் அரசு 2050க்குள் பத்து லட்சம் பேசுநர் என்னும் இலக்கை அறிவித்தது. 2021இல் எண்ணிக்கை ஏறத்தாழ 5,38,000 மட்டுமே. 5 முதல் 15 வயதினரிடையே 2011க்கும் 2021க்கும் இடையில் 40.3 விழுக்காடு 34.3 ஆகச் சரிந்தது. தகுதி ஏறியது, வழக்கு ஏறவில்லை.

உரை காணாத மக்கள்

லூயிசின் உரை வெல்ஷ் பேசுவோரை நோக்கியே பேசுகிறது. பேசாத முக்கால் பங்கினர்க்கு அதில் இடமில்லை. அவரது சிந்தனையின் பெருங்குறை இது. உரை ஒலித்த 1962இலேயே பாண்டிப்ரித் அருகில் ரிட்வெலன் வெல்ஷ்வழி உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. ஆங்கிலமயமான தென்கிழக்குச் சுரங்கப் பகுதியில், தாம் அறியாத மொழியைத் தம் பிள்ளைகள் கற்க விழைந்த பெற்றோரே அத்தகைய பள்ளிகளை வளர்த்தனர். மரத்துண்டுக்கு இசைந்த தலைமுறையின் வழித்தோன்றல்கள் இவர்கள். மனப்பான்மை மாற்றத்தின் மிகப் பெரிய சான்று லூயிஸ் நோக்காத இடத்தில் விளைந்தது.

ஆயினும் இவ்வெற்றிக்கும் எல்லையுண்டு. 2011க்கும் 2021க்கும் இடையில் தலைநகர் கார்டிஃபில் வெல்ஷ் பேசுவோர் 11.1 விழுக்காட்டிலிருந்து 12.2 ஆக உயர்ந்தனர். பீஸ்லி இணையரின் கார்மார்தன்ஷயரிலோ 43.9 விழுக்காடு 39.9 ஆகத் தாழ்ந்தது. பள்ளியில் கற்ற மொழி வீட்டிலும் கடையிலும் பணியிடத்திலும் வழங்க வேண்டுமாயின், அதைப் பேசுவோர் நெருங்கி வாழும் ஊர்கள் நிலைபெற வேண்டும். இளைஞர் வேலை நாடி வெளியேறுதலும், வீட்டு விலை உயர்வும் அவ்வூர்களைத் தளரச் செய்கின்றன. அலுவலகத் தாள்களைக் குறித்துப் பேசிய லூயிஸ் பிழைப்பைக் குறித்துப் போதிய அளவு பேசவில்லை.

லாங்கென்னெக்கில் மீண்டும்

லூயிஸ் போற்றிய லாங்கென்னெக்கின் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலப் பிரிவும் வெல்ஷ் பிரிவும் இருந்தன. அதனை முற்றிலும் வெல்ஷ்வழிப் பள்ளியாக்க மாவட்ட மன்றம் 2017இல் முடிவெடுத்தபோது, பெற்றோருள் ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தனர், பூசல் நாடறிந்ததாயிற்று. எதிர்த்தோர் அனைவரையும் மொழிப்பகைவர் எனக் கொள்ளுதல் தவறாகும். மொழி வாழ்க என்பதில் அவருள் பலர்க்கு மறுப்பில்லை. தம் பிள்ளைக்கு மாற்று வழியில்லாமற் போவதையே அவர்கள் ஏற்கவில்லை. விருப்பமாக இருக்கும் வரை வரவேற்கப்படும் மொழி, கட்டாயமாகும்போது வெறுக்கப்படுகிறது. எதிர்ப்பு உள்ளிருந்தே வரும் என்ற லூயிசின் எச்சரிக்கை, அவர் போற்றிய ஊரிலேயே மெய்யாயிற்று.

முடிவுரை

இழிவுணர்வை வெல்லுதல் மறுமலர்ச்சியின் முதற்படி. வேல்ஸ் அப்படியை ஏறிவிட்டது. நல்லெண்ணத்தைப் பயன்பாடாக மாற்றும் இரண்டாம் படியிலேயே அது தயங்கி நிற்கிறது. வெல்ஷ் பேசும் சமுதாயங்களை ஆராய 2022இல் அமைக்கப்பெற்ற ஆணையம், மொழி அடர்ந்து வழங்கும் பகுதிகளைத் தனியே வரையறுத்து, அவற்றிற்கு ஏற்ற கொள்கை வகுக்க வேண்டுமென 2024இல் பரிந்துரைத்தது. லூயிஸ் 1962இல் வகுத்த திட்டத்தின் மறந்த பாதி, 62 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு மீண்டது எனலாம். ஆயின், லூயிசின் உரையில் இடம்பெறாத பெற்றோரையும் புதிதாய்க் கற்போரையும் உடன்கொண்டு செல்லாத எக்கொள்கையும் லாங்கென்னெக்கின் பூசலையே மீண்டும் விளைக்கும். ஒரு மொழியின் ஊழை அம்மொழியைப் பேசுவோர் மட்டுமன்றி, அதனருகே வாழ்ந்தும் அதனைப் பேசாதோரும் சேர்ந்தே எழுதுகின்றனர் என்பது இவ்வுரையின் மறுவாசிப்பு உணர்த்தும் பாடமாகும்.