கண்ணாடியிழைக் கம்பி: விளம்பரம் பாதியில் நிறுத்திய கணக்கு

எஃகைவிட இரு மடங்கு வலிமை. எடையோ நான்கில் ஒரு பங்கு. துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. கான்கிரீட்டுக்கான கண்ணாடியிழைக் கம்பிகளைப் பற்றி விற்பனையாளர்கள் கூறும் இம்மூன்றும் ஏறக்குறைய உண்மையே. ஆனால் இவற்றை அடுத்து, “ஆகவே 12 மி.மீ. எஃகுக் கம்பிக்கு 8 மி.மீ. கண்ணாடியிழைக் கம்பி ஈடாகும்” என்றொரு முடிவும் சேர்ந்து வருகிறது. வீடு கட்ட நினைக்கும் வாசகர்கள் ஏமாறக்கூடிய இடம் அதுதான்.

கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து, சூடான அச்சின் வழியே இழுத்து இறுகச் செய்தால் இக்கம்பி கிடைக்கும். இதற்குத் தேவை எழுந்தது எஃகின் குறையால். கடற்காற்றிலுள்ள உப்பு கான்கிரீட்டினுள் ஊடுருவி எஃகைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு தன் மூலமான எஃகைவிடப் பல மடங்கு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடுகிறது. பனியுருக்கச் சாலைகளில் உப்புத் தூவும் கனடாவுக்கும் இதே தொல்லைதான். அங்கு மனிடோபா மாகாணத்தில் 1997இல் திறக்கப்பட்ட டெய்லர் பாலத்தில் இழைக் கம்பிகளைப் பயன்படுத்தினார்கள். எப்படித் தெரியுமா? 40 உத்தரங்களில் நான்கில் மட்டும் கரியிழை. பக்கச் சுவரின் ஒரு பகுதியில் கண்ணாடியிழை. உள்ளே நடப்பதைக் கண்காணிக்க ஒளியிழை உணர்விகள். நம் விற்பனையாளருக்கு இருக்கும் துணிச்சல் அப்பொறியாளர்களுக்கு இல்லை!

இனிக் கணக்கைப் பார்ப்போம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 113 சதுர மி.மீ. சதுர மி.மீ.க்கு 500 நியூட்டன் தாங்கும் எஃகு எனில், அது தாங்கும் இழுவிசை 56,500 நியூட்டன். 8 மி.மீ. கம்பியின் பரப்பு 50 சதுர மி.மீ.; கண்ணாடியிழையின் வலிமையை 1,000 எனக் கொண்டால் 50,000 நியூட்டன். கிட்டத்தட்டச் சமம். விளம்பரக்காரர் இவ்விடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்.

நாம் தொடர்வோம். ஒரு கம்பி எவ்வளவு நீளும் என்பதை முடிவு செய்வது, நீங்கள் பள்ளியில் படித்த யங் குணகம். எஃகுக்கு அது 2,00,000. கண்ணாடியிழைக் கம்பிக்குச் சுமார் 50,000. பரப்பால் பெருக்கிப் பாருங்கள்: எஃகுக்கு 2 கோடியே 26 லட்சம், மற்றதற்கு 25 லட்சம். ஒரே இழுவிசையில் மெல்லிய கம்பி ஒன்பது மடங்கு நீளும்! தளத்தின் அடிப்புறம் மயிரிழை போல் வெடிப்பது இயல்பு. அவ்வெடிப்பு அகலாமல் பிடித்துக்கொள்வது கம்பியின் வேலை. தானே நீளும் கம்பி எதைப் பிடிக்கும்? தளம் இடிந்து விழாமல் இருக்கலாம்; ஆனால் தொய்யும், வெடிப்புகள் வாய் பிளக்கும்.

இன்னொன்று. எஃகு சொல்லிவிட்டுத்தான் போகும்: நம் நாட்டுத் தரவிதிப்படி 500 தரக் கம்பி அறுவதற்குமுன் குறைந்தது 12 விழுக்காடு நீள வேண்டும். கண்ணாடியிழையோ சுமார் 2 விழுக்காட்டில் பட்டென்று அறும். வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் பிசின் இளகத் தொடங்கும் என்பதால் தீயிலும் ஆபத்து. இறுகிய கம்பியைக் கட்டுமான இடத்தில் வளைக்கவும் முடியாது. ரிங்குகள் தொழிற்சாலையிலிருந்தே வளைந்து வர வேண்டும்.

இந்தியத் தர நிறுவனம் 2023இல் இக்கம்பிகளுக்கு ஐ.எஸ். 18256 என்ற தரவிதியை வெளியிட்டது. அந்த எண்ணைக் காட்டி விற்பவரிடம் மயங்க வேண்டாம். கம்பி எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. உங்கள் வீட்டுத் தளத்தை வடிவமைத்துத் தருவதில்லை. தொய்வுக் கணக்கைப் பொறியாளரின் கையொப்பத்துடன் கேளுங்கள்.

இக்கம்பிக்கு உரிய இடங்கள் உள்ளன: கடலோரத் தடுப்புச் சுவர், பாலத் தளம், காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகம் ஆகாத எம்.ஆர்.ஐ. அறை. சுரங்க ரயில் பணியில் ஒரு வேடிக்கையான பயனும் உண்டு. துளையிடும் இயந்திரம் நிலையச் சுவரைக் குடைந்து நுழையும் வட்டத்தில் மட்டும் எஃகை விடுத்துக் கண்ணாடியிழைக் கம்பி வைக்கிறார்கள். குறுக்கே வெட்டினால் அது எளிதில் நொறுங்கிவிடும் என்பதே காரணம்.