சமாதானம் என்கிற சொல்லும் ஒரு பட்டியலும்

சர்வதேச அணுசக்தி முகமையின் 254ஆம் எண் சுற்றறிக்கையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அணு விநியோக நாடுகள் குழு 1978இல் வெளியில் சொன்ன விதிமுறைகள் அதில் இருக்கின்றன. எதை, யாருக்கு, என்ன நிபந்தனையில் விற்கலாம் என்கிற பட்டியல். குழாய், பம்பு, கிராஃபைட், கனநீர் என்று பக்கம் பக்கமாகப் பொருள்கள். விற்கிற அரசு, வாங்குகிற அரசு இவை இரண்டும்தான் கதைமாந்தர். மூன்றாவதாக ஆளே கிடையாது.

இந்தப் பிரதியின் பிறப்புக்கு நாம்தான் காரணம். 1956 ஒப்பந்தத்தின்படி கனடா நமக்கு சைரஸ் உலையைக் கொடுத்தது. கனநீர் கொடுத்தது அமெரிக்கா. சமாதான காரியங்களுக்கு மட்டும் என்பது பேச்சு. அதில் எடுத்த புளூட்டோனியத்தை 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்துவிட்டு, இதுவும் சமாதான வெடிப்புதான் என்றது தில்லி. சிரிப்பதா அழுவதா? தில்லி ஏமாற்றியது என்பதோடு நிறுத்திக்கொண்டால் விஷயம் பிடிபடாது. கால்வாய் வெட்டவும் மலையைப் பிளக்கவும் அணுவெடி வைக்கலாம் என்று அமெரிக்காவும் சோவியத்தும் அதற்கு முன்பே பேசிக்கொண்டிருந்தவைதான். 'சமாதானம்' காலியான குறிப்பான். யார் வேண்டுமானாலும் உள்ளே எதையும் போட்டுக்கொள்ளலாம். தில்லி குண்டைப் போட்டது.

உடனே ஏழு நாடுகள் லண்டனில் கூடின. பனிப்போரின் நடுவிலும் அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே மேசையில்! வளைகுடாப் போருக்குப் பிறகு ஈராக்கின் ரகசியத் திட்டம் வெளியே வந்ததும், 1992இல் 'இரட்டைப் பயன்' பொருள்களுக்கும் ஒரு பட்டியல் போட்டார்கள். சிறுநீரகக் கல்லை உடைக்கிற மருத்துவக் கருவியில் இருக்கிற மின்பொறி ஸ்விட்ச் அணுகுண்டை வெடிக்கவைக்கவும் உதவும். அதுவும் பட்டியலில் இருக்கிறது. பொருளுக்குள் அர்த்தம் இல்லை, வாங்குகிறவனைப் பார்த்துத்தான் அர்த்தம் என்று அமைப்பியல் பேசுகிறவர்களுக்கு முன்னாலேயே சுங்கத்துறை ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது போல.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா என்று ஒரு தோழர் கேட்டார். வேண்டும். ஹாலந்திலிருந்து போன மையவிலக்கு இயந்திர வரைபடங்கள் ஏ.க்யூ. கான் வழியாக லிபியா வரைக்கும் விற்பனையான கதை 2004இல் அம்பலமானது. அதைப் பார்த்தபிறகும் கட்டுப்பாடு ஏகாதிபத்தியச் சதி மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியாது.

என் சண்டை வேறு இடத்தில். 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஜஸ்வந்த் சிங் 'அணு நிறவெறி' என்று எழுதினார். குண்டு வைத்திருக்கிற ஐந்து பேர் மற்றவனுக்குப் புத்தி சொல்வது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்கக் கறுப்பர்களின் வலியைச் சொன்ன சொல்லைத் தூக்கிவந்து குண்டுக்கு உரிமை கேட்கிறார்கள். நம்ம ஆட்களிலும் பலர் இதற்குத் தலையாட்டினார்கள். 2008 செப்டம்பர் 6 அன்று அந்தக் குழுவே இந்தியாவுக்கு விதிவிலக்கு கொடுத்தது. 14 மின் உலைகளை ஆய்வுக்குத் திறப்போம், கல்பாக்கத்து வேகப் பெருக்க உலைகளைத் திறக்க மாட்டோம் என்கிற தில்லியின் ஏற்பாடு அப்படியே நின்றது. அதற்கப்புறம் நிறவெறிப் பேச்சு எங்கே போயிற்று? குழுவில் எங்களுக்கும் நாற்காலி போடு என்கிற மனுவாக மாறிவிட்டது.

கூடங்குளத்துக்கு வருவோம். முழு ஆய்வுக்கு ஒப்பாத நாட்டுக்கு உலை விற்கக்கூடாது என்பது 1992 விதி. எங்கள் ஒப்பந்தம் 1988லேயே போட்டாச்சு என்று ரஷ்யா தேதியைக் காட்டியது. விற்பவனும் தடுப்பவனும் தேதியை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டார்கள். கழிவு எங்கே போகும், கடலில் விடுகிற சுடுநீரால் மீன் என்னாகும் என்று இடிந்தகரைப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்து கேட்டது இரண்டு தரப்புப் பிரதியிலும் ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது தேசத்துரோக வழக்கு.

முதல் இரண்டு உலைகளும் சர்வதேச ஆய்வுக்கு உட்பட்டவை. வியன்னாவிலிருந்து ஆய்வாளர் வந்து எரிபொருள் கணக்கைச் சரிபார்க்கலாம். அதே உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, ரஷ்யக்காரனின் தொழில்ரகசியம் அதில் இருக்கிறது என்று நிர்வாகம் கைவிரித்தது. 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் கொடு என்று உத்தரவிட்டது. நிர்வாகம் அதை எதிர்த்து தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று.