சாக்சபோனுக்குள் ஒரு சீவாளி

1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவுடன் பணியாற்றக் கோலாலம்பூர் சென்றார் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ. அங்கேதான் நாகஸ்வரம் அவர் காதில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல். ஆல்டோ சாக்சபோனில் உலகறிந்த பெயர். அந்த வயதில், அந்தப் பெயரோடு, நாகஸ்வரத்தின் ஊதுநாக்கான சீவாளியை உதட்டில் பொருத்தி ஊதக் கற்றுக்கொள்ளும் மாணவராக அவர் உட்கார்ந்தார். பின்னர் தென்னிந்தியாவுக்கே வந்து தங்கியும் பயின்றார்.

அவர் விட்டுவந்த இடம் சிறியதல்ல. 1923இல் பாஸ்டனில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் தலைமுறையின் ஆல்டோ கலைஞர்கள் எல்லோரையும் போல சார்லி பார்க்கரின் நிழலில் வளர்ந்தார். ஸ்டான் கென்டனின் பெரிய இசைக்குழுவில் வாசித்தார், பெர்க்லி இசைப்பள்ளியில் பாடம் நடத்தினார், பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து அவருடன் சேர்ந்து ஒரு நால்வர் குழுவும் நடத்தினார். 1963இல் ஜாஸ் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் ‘தி பிளாக் செயின்ட் அண்ட் த சின்னர் லேடி’ வெளிவந்தது. அந்தப் பதிவில் மரியானோவின் ஆல்டோ அழுவதும் மன்றாடுவதும் சட்டென்று சீறுவதும், அதன்பின் அவர் எதுவுமே வாசிக்காமல் போயிருந்தாலும் அவர் பெயரைக் காப்பாற்றியிருக்கும். ஸ்வரத்தை நேராகத் தொடாமல் கீழிருந்து வழுக்கி ஏறும் குணம் அதிலேயே இருக்கிறது. நாகஸ்வரம் அவரை ஏன் இழுத்தது என்பதற்கான விடை இந்த ஒலித்தட்டில்தான் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற சாக்சபோன், ராணுவ வாத்தியக் குழுக்களை மனத்தில் கொண்டு உருவானது. நாகஸ்வரம் கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் நடக்கும் வாத்தியம். இரண்டுமே திறந்த வெளிக்கானவை. இரண்டிலும் காற்றை ஒலியாக்குவது நாணல் இனத்துத் தட்டைதான். ஆனால் சாக்சபோனில் ஒற்றைப் பட்டை, விரலுக்குக் கீழே உலோகச் சாவிகள், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தீர்மானித்துவைத்த இடம். நாகஸ்வரத்தில் இரட்டை நாக்குச் சீவாளி, வெறும் துளைகள். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் உள்ளதையெல்லாம் மூச்சும் உதடும் பாதி மூடிய விரலுமே உண்டாக்க வேண்டும். சாவியை நம்பியே கால் நூற்றாண்டு வாசித்தவருக்கு இது மறுபடி பேசக் கற்பதற்குச் சமம்.

1970களில் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தார். ஜெர்மானிய பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் ‘எல்லோ ஃபீல்ட்ஸ்’ ஒலித்தட்டில் சோப்ரானோ சாக்சபோனோடு ஷெனாயும் நாகஸ்வரமும் வாசித்தார். தஞ்சை மண்ணின் வாசிப்பில் ஊறிய காதுக்கு அவருடைய நாகஸ்வரம் மெலிந்தே கேட்கும். கார்வையில் அந்த நிறைவு இல்லை. ராக ஆலாபனையின் பொறுமையையும் அங்கே தேடக் கூடாது. இதை மறைத்து அவரைப் புகழ வேண்டியதில்லை.

பயிற்சியின் பலன் வேறிடத்தில் கனிந்தது. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவுடன் 1983இல் அவர் பதிவு செய்த ‘ஜோதி’யில் ஆர். ஏ. ரமாமணி பாடுகிறார், டி. ஏ. எஸ். மணி மிருதங்கம். மரியானோவின் கையில் சாக்சபோனும் புல்லாங்குழலும் மட்டுமே. நாகஸ்வரம் இல்லை. ஆனால் ரமாமணியின் குரலுக்குப் பின்னால் அந்த சாக்சபோன் குழைந்து வரும்போது, சாவிகள் இருக்கும் நினைவே வருவதில்லை. கற்ற வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, அதன் மூச்சை மட்டும் தன் பழைய வாத்தியத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். அவர் வாழ்நாளின் உச்சம் இதுதான் என்பது என் முடிவு.

இதே பாதையில் எதிர்த்திசையிலிருந்து வந்தவர் கத்ரி கோபால்நாத். நாகஸ்வரக் கலைஞரின் மகன்; மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்சபோனைக் கேட்டு மயங்கி, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அமெரிக்க ஆல்டோ கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா அவரோடு இணைந்து 2008இல் ‘கின்ஸ்மென்’ வெளியிட்டார். வயலின் கலைஞர் கன்னியாகுமரியின் வாசிப்பும் அதில் உண்டு. இசையமைப்பாளராக மகந்தப்பா மரியானோவைவிடப் பல படி மேலே நிற்கிறார். மரியானோவின் சொந்த ஆக்கங்களில் ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ ஒலித்தட்டு நினைவில் நிற்கும். ஆனாலும் மற்றவர்களின் இசைக்குள் நுழைந்து அதன் நிறத்தையே மாற்றுவதில்தான் அவர் பெரியவர்.

மரியானோ 2009 ஜூனில், 85ஆம் வயதில், ஜெர்மனியின் கொலோன் நகரில் மறைந்தார். நாகஸ்வரத்தின் வரலாற்றை எழுத உட்காரும் நம்மவர்கள், திருவாவடுதுறை, காருக்குறிச்சி மேதைகளுக்கு உரிய பக்கங்களை எழுதி முடித்தபின், இந்த பாஸ்டன்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். வாசகர்கள் முதலில் ‘ஜோதி’யைக் கேளுங்கள், மிங்கஸிடம் பிறகு போகலாம்.