சொல்லுக்குச் சொல் ஒரு பதிவேடு

இந்தியச் செவிலியர் கல்வியின் மனநலப் பாடத்தில், நோயாளியுடன் நிகழ்ந்த பேச்சை மாணவர் சொல்லுக்குச் சொல் எழுதி, அருகே முகக்குறிப்பையும் மௌனத்தையும் தம் மறுமொழியின் காரணத்தையும் குறித்து ஆசிரியரிடம் காட்டும் உரையாடல் பதிவு முறை, 1952இல் வெளிவந்த நூலில் செவிலியர்–நோயாளி உறவையே சிகிச்சையின் பகுதியாகக் கண்ட ஹில்டகார்ட் பெப்லாவின் சிந்தனையோடு நெருங்கிய தொடர்புடையது. தமிழும் மராத்தியும் இந்தியும் கலந்து ஒலிக்கும் மும்பைத் தாராவியை அடுத்த சயான் மருத்துவமனை போன்ற நெரிசலான இடங்களில் இதன் அருமை கூடுகிறது. 'மருந்து சாப்பிட்டீங்களா?' என்னும் மூடிய வினாவுக்கு, அதாவது ஆம், இல்லை என்பதோடு முடியும் கேள்விக்கு, முதியவர் மரியாதைக்காகவே தலையசைத்துவிடக்கூடும். 'எந்த மாத்திரையை எப்போ சாப்பிடறீங்க?' என்று கேட்டால்தான் விடுபட்ட வேளை வெளிவரும். இவ்வேறுபாட்டை மாணவர் தம் கையெழுத்திலேயே காண்பது எவ்விரிவுரையாலும் இயலாதது. ஆயினும் எழுதும் சுமை குறித்த மாணவரின் முணுமுணுப்பும் நியாயமானதே.