உம்மாமார் காவல் காக்கும் வீடு: சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’

சில வருடங்களுக்கு முன் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலை என்னோடு படிப்பிக்கும் ஒரு ரீச்சருக்கு வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து, அட்டை தெரியாமல் பேப்பர் உறை போட்டுத் திருப்பித் தந்தார். “நல்லாத்தான் எழுதியிருக்கிறா. ஆனா எங்கட வீட்டு விஷயத்த இப்படி வெளியில சொல்லலாமா?” என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அந்த நாவலை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். இந்தக் கட்டுரை அவருக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சல்மா 1968இல் தமிழ்நாட்டின் துவரங்குறிச்சியில் பிறந்தவர். பதின்மூன்று வயதளவில் அவருடைய பாடசாலைப் படிப்பு நிறுத்தப்பட்டது. அதன்பின் வீடுதான் உலகம். கலியாணத்திற்குப் பிறகு ஒளித்தொளித்துத்தான் எழுதினார். சல்மா என்ற புனைபெயரும் அந்த ஒளிவுக்காகவே வந்தது. 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ என்ற கவிதைத் தொகுதி வெளிவந்தது. 2001இல் ஊராட்சித் தேர்தலில் வென்று தலைவியானார். 2004இல் காலச்சுவடு பதிப்பகம் இந்த நாவலை வெளியிட்டது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்திற்குக் கொண்டுபோனார்.

இந்த வாழ்க்கையில் ஒரு செய்தி என் மனதில் தங்கியிருக்கிறது. மகள் எழுதிய கவிதைகளை வீட்டை விட்டு வெளியே கடத்திப் பத்திரிகைகளுக்குப் போகச் செய்தவர் அவருடைய உம்மா. மகளை அடைத்து வைத்த குடும்பத்தில் இருந்தவரும் அதே உம்மாதான். இந்த முரணை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால்தான் நாவல் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம்.

ஆண்கள் பெண்களை அடக்கிய கதை என்றுதான் பலரும் இதைச் சொல்கிறார்கள். அது அரைவாசிதான் சரி. இதில் வரும் ஆண்கள் பெரும்பாலும் கடையில் இருப்பார்கள், பள்ளியில் இருப்பார்கள், இல்லாவிட்டால் வேறெங்காவது இருப்பார்கள். வாசற்படியில் காவல் நிற்பது உம்மாமார். பெரிய பிள்ளையாகும் வயதை நெருங்கும் ராபியா கூட்டாளிப் பிள்ளைகளோடு படம் பார்க்கப் போனதற்கு அடிப்பவள் அவளுடைய உம்மா ஸொஹ்ரா. அந்த அடியில் கோபத்தை விடப் பயம்தான் கூட. குமருப் பிள்ளையின் பேர் கெட்டால் கலியாணச் சந்தையில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், அவளும் அந்தச் சந்தை வழியாக வந்தவள்தானே. ராபியாவின் பெரியம்மா றைமாவின் மகள் வஹிதாவுக்குச் சொந்தத்துக்குள்ளேயே கலியாணம் நடக்கிறது. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்பதை அவள் போன பிறகுதான் அறிகிறாள். அவளைச் சுற்றியிருக்கும் பெண்கள் சொல்லிக் கொடுப்பதெல்லாம் பொறுத்துப் போ என்ற ஒரே பாடம்தான்.

இந்தக் காவல் எதுவரை போகும் என்பதை ஃபிர்தவ்ஸின் கதையில் காண்கிறோம். பிடிக்காத கணவனோடு வாழ மறுத்துத் தாய்வீட்டுக்குத் திரும்பியவள் அவள். மார்க்கம் அவளுக்கு விவாகரத்தையும் மறுமணத்தையும் அனுமதிக்கிறது. ஊரோ அவளை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறது. அந்தத் தனிமையில் பக்கத்து வீட்டு சிவாவோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. அது மார்க்கத்தில் குற்றம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் விஷயம் வெளியே வந்ததும் அவளுக்கு நஞ்சு கொடுப்பது அவளைப் பெற்ற உம்மா. எந்தக் கிதாபு அந்த உம்மாவுக்கு அப்படிச் சொன்னது? அவளைச் செய்ய வைத்தது ஊர்வாய். சல்மா இந்த இடத்தில் குரலை உயர்த்துவதில்லை, யாரையும் திட்டுவதுமில்லை. உம்மாவும் மகளும் எதிரெதிரே இருக்கும் காட்சியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நாவலின் மிகப் பெரிய பலம் அந்த நிதானம்.

நோன்பு மாதத்தின் ஸஹர் நேரத்து அடுப்படி, பெருநாள் வேலைகள், பெண்கள் கூடியிருந்து வெட்கமில்லாமல் பேசும் பேச்சு, வேலைக்காரப் பெண்களின் களைப்பு என்று வீட்டின் உட்புறம் இவ்வளவு விரிவாகத் தமிழில் அதற்கு முன் வரவில்லை என்றே சொல்வேன். குறைகளும் உண்டு. பாத்திரங்கள் அதிகம், உறவுமுறையை நினைவில் வைக்க நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஆண்களில் பலர் நிழலாகவே நின்றுவிடுகிறார்கள். நல்லதொரு வாப்பா, தடுமாறும் ஓர் அண்ணன் என்று இருந்திருந்தால் கதை இன்னும் கனத்திருக்கும்.

இது இந்தியாவுக் கதை, எங்களுக்குப் பொருந்தாது என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் நாவலுக்கு 1885இலேயே ‘அசன்பே சரித்திர’த்தைத் தந்தவர் எங்கள் கண்டியில் பிறந்த சித்திலெப்பை. அவர் அதே நூற்றாண்டில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கவும் பாடுபட்டார். ஆனால் அதற்கு அறுபது, எழுபது வருடங்களுக்குப் பிறகு எழுதப்பட்ட 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை, வலியின் கையொப்பம் போதும் என்று விட்டது. மணமகளின் சம்மதம் தேவை என்பது மார்க்கம். வஹிதாவின் கதையை இங்கே வாசிக்கும்போது அந்தக் கையொப்பமில்லாத இடம் எனக்கு ஞாபகம் வருகிறது. கண்டியிலும் அக்குறணையிலும் மடவளையிலும் இன்று எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் உயர்தரம் எழுதுமுன் “நல்ல இடமொன்று வந்திருக்குது ரீச்சர்” என்று தயங்கிச் சொல்லும் உம்மாமாரை நான் இன்னும் சந்திக்கிறேன். அவர்கள் கெட்டவர்களல்ல. ஸொஹ்ராவைப் போலப் பயந்தவர்கள்.

எங்கட வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா என்று கேட்ட ரீச்சருக்கு என் பதில் இதுதான். இந்த நாவலை நான் வெளியாருக்குச் சொன்ன கதையாக வாசிக்கவில்லை. ஒரு மகள் உம்மாவிடம் கேட்கும் கேள்வியாகத்தான் வாசித்தேன். நானும் நீங்களும் உம்மாமார். அடுத்த தடவை அந்தப் புத்தகத்தை உறை போடாமல் தாருங்கள். ஸ்டாஃப் ரூம் மேசையிலேயே கிடக்கட்டும்.